ஈராவிடம் கேட்கவில்லை

வீடியோ கேமிலாவது முழு நல்லவனாக வாழ்வது என்று முடிவெடுத்தேன். திருடுவதில்லை, பொய் சொல்வதில்லை, கூட வருபவர்களைக் கைவிடுவதில்லை. எண்ணூர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசரான எனக்கு நிஜத்தில் அந்த வசதி கிடையாது.

அந்த கேமில் ஈரா என்ற வில்லாளிப் பெண் எனக்குத் துணை. நல்ல கவசம் கிடைத்தால் அவளுக்குத்தான். அவள் சொந்தக் கதை பேசினால் பட்டனை அமுக்கித் தள்ளிவிடாமல் கடைசிவரை கேட்பேன். என் மனைவி சங்கமித்ரா இறால் உரித்தபடி இதையெல்லாம் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமில் வெள்ளம் வந்தது. மதகைத் திறந்தால் நகரம் பிழைக்கும். ஈராவின் ஊர் மூழ்கும். ஊர்க்காரர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். திறந்துவிட்டேன். ஈரா வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

"இன்னா மித்ரா இது? ஒரு நகரத்தையே காப்பாத்திக்கீறேன். இவ கோச்சிக்கினு பூட்டா."

"அவளாண்ட கேட்டியா?"

"கேட்டாலும் தொறக்கத்தானே போறோம்?"

"தொறக்கறது வேற. கேக்கறது வேற."

கேமில் மதகைத் திறப்பதற்கு முந்தைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடினேன். இந்த முறை கேட்டேன். ஈரா தன் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "திற" என்றாள். ஊர் மூழ்கியது. அவள் என்னோடு நடந்தாள்.

அப்போதுதான் என் சொந்தக் கதை நினைவுக்கு வந்தது. இனி நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் என்று யார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். மித்ராவிடம் மூச்சு விடவில்லை. போட்டது போட்டதுதான். ஆனால் இப்போதுதான் கேட்பதுபோல் கேட்கலாமே?

டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன்.

"இனிமே நைட் ஷிஃப்டுக்கே வரச் சொல்றாங்கோ, மித்ரா. நீ இன்னா சொல்ற?"

அவள் நிதானமாகக் குடித்தாள். "நைட்ல தனியா கெடக்க எனக்குப் புடிக்கல. ஆனா என்னாண்ட கேட்ட பாரு, அதுக்கோசரம் சரி. போ."

அடடா, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

"உங்கூட வேல செய்ற பகலவன் பொண்டாட்டி, நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கே சொல்லிட்டா" என்றாள்.

நான் கேம் கன்ட்ரோலரைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தேன்.

"வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைல எனக்குப் பகல் வேல கெடச்சிக்கீது. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன். நீதான் பகல்ல வூட்ல இருப்பியே. அதான் நானும் உன்னாண்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"கேளு."

"மீன் கொழம்புக்குப் புளி எவ்ளோ கரைக்கணும்னு தெரியுமா?"