மீசைதான் போனது, மூச்சு அல்ல

கரடியனாறு,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி வினாயகமூர்த்தி வணக்கம் கூறி எழுதுவது.

முதலாவது, அம்மா நலம். இரண்டாவதும் அம்மா நலம். இந்த வரியை எழுதும்போது அவர் முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் வத்தளையில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டேன். செத்த வீட்டுக்கென்று வாகனம் பிடித்துத் தம்புள்ளை வரை அழுதுகொண்டு வந்து, அங்கே விடயம் தெரிந்து திட்டிக்கொண்டு திரும்பிப் போனீர்கள். அதன்பின் இரண்டு கிழமையாக என் அழைப்பை நீங்கள் எடுக்கவில்லை. எடுத்தாலும் தொலைபேசியில் நான் சொல்வது ஒன்று, உங்களுக்குக் கேட்பது இன்னொன்று. முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் இருந்தவருக்குக் கடிதம்தான் மரியாதை என்று எழுதத் துணிந்தேன். தயவுசெய்து கிழிக்காமல் வாசிக்கவும்.

எல்லாம் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்கியது. இந்த வருடம் ஆறாம் தரத்துக்கு விதுர்ஷா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். பிறந்ததிலிருந்து காது மிகக் குறைவு. ஒரு காதில் கருவி இருக்கிறது, அதுவும் ஆட்கள் கதைத்தால் வெறும் இரைச்சலைத்தான் கொடுக்குமாம். ஆனால் நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். அதிபர் அவளை என் கணித வகுப்பில் விட்டபோது நான், "ஒண்டும் யோசிக்காதீங்க சேர், என்ட குரல் றோட்டுக்கே கேக்கும்" என்றேன். கேட்டது. சைக்கிளில் மீன் விற்கிற மனிதர் என் வகுப்பைத் தாண்டும்போது பதின்மூன்றாம் வாய்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவார். விதுர்ஷாவுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. விளங்கியதா என்று கேட்டால் உடனே தலையாட்டுவாள். இருபத்தெட்டு வருடச் சேவையில் இப்படியொரு பணிவான பிள்ளையைக் கண்டதில்லை என்று என் மனைவி கண்ணகையிடம் பெருமையடித்தேன். தவணைப் பரீட்சை வந்தது. நான் வாயால் சொல்லி எழுதுவித்த கணக்கில் 'பன்னிரண்டு மாடு' என்பதை அவள் என் உதட்டசைவைப் பார்த்து 'பன்னிரண்டு பாடு' என்று எழுதி, அந்தப் பாட்டை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் விட்டிருந்தாள். நூற்றுக்கு ஒன்பது. நான் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் சிவப்பு மையால் 'கவனம் இல்லை' என்று எழுதினேன். அண்ணன், அந்த இரண்டு சொல்லையும் எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மூன்றாம் நாள் தாய் வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"அழுதழுது சோறும் தின்றாளில்ல சேர். இனி அனுப்பமாட்டன். வீட்டில இரிந்து மாட்டப் பாக்கட்டும். மாடு அறிக்கை எழுதாதுதானே?"

அந்தக் கிழமையே புளியந்தீவிலிருந்து ஷெரில் ரீச்சரை வரவழைத்தேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில் பழுத்தவர், வயதில் எனக்கு மகள் மாதிரி. அவர் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து என் பாடத்தை முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு என் காதில் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் அரிசி ஆலைக்காரர் போடுகிற காதுக் கவசத்தையும் மாட்டி, என்னை மாணவர் வாங்கில் இருத்திவிட்டார். பிறகு நான் படிப்பிக்கிற மாதிரியே படிப்பித்தார். கரும்பலகையைப் பார்த்துக் கதைத்தார். வகுப்பைச் சுற்றி நடந்தபடி கதைத்தார். யன்னலுக்கு முன்னால் நின்றார், முகம் கறுப்பாகத்தான் தெரிந்தது. கடைசியில் என் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டார். இருபது பிள்ளைகளும் திரும்பி என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது, எல்லோரும் பார்க்கிறார்களே, ஆட்டிவிட்டேன். ரீச்சர் கவசத்தைக் கழற்றி, "சேர், நான் கேட்டது உங்கட பேர் என்ன எண்டு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதுர்ஷா ஆறு மாதமாக என்னிடம் ஆட்டிய தலை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தது.

"அப்ப நான் இன்னும் சத்தமாக் கதைக்கட்டா ரீச்சர்?"

"வேணாம் சேர்! கத்தினா வாய் கோணும், அந்தப் புள்ள ஒண்டும் புடிக்கேலாது. முதல்ல எழுதுங்க, மறுகா புள்ளையள்ட பக்கம் கிறுகி நிண்டு கதைங்க. விளங்கினதா எண்டு கேக்காதீங்க, என்ன விளங்கின எண்டு கேளுங்க." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்டு, சொன்னாக் கோவிக்கப்படாது. உங்கட மீசை மேல் உதட்ட மூடிக்கிட்டு இரிக்கு."

முப்பது வருட மீசை, அண்ணன். கலியாணத்துக்கு முதல் வைத்தது. புதன்கிழமை விடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், கண்ணாடியைப் பார்க்காமலேயே வழித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் வினை. முன்வீட்டு உதயரூபன் வேலிக்கு மேலால் என்னைக் கண்டான். மீசை வழித்த மகன், வீட்டில் எண்பத்திரண்டு வயதுத் தாய். அவன் கணக்குப் போட்டுவிட்டான். நான் தலை துடைத்து வருவதற்குள் பத்துப் பேர் வாசலில். ஒருவர் தேயிலைப் பக்கற்றும் சீனியும் கொண்டுவந்திருந்தார். அதிபர் தொலைபேசியில் என்னைக் கதைக்கவே விடாமல் மூன்று நாள் லீவு தந்தார். உதயரூபன் என் கையைப் பிடித்து, "எத்தின மணிக்குச் சேர் நடந்த?" என்று அழும்போது, உள்ளேயிருந்து அம்மாவே வெளியே வந்து, "என்னடா மனே இவ்வளவு சனம்?" என்று கேட்டார். சனம் இரண்டு அடி பின்னுக்குப் போனது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். தான் சாகவில்லை என்பது அவருக்குத் தெரியும்தானே. அப்படியென்றால் மீசை வழிக்குமளவுக்கு வேறு யார்? "ஐயோ, என்ட பெரியவன் போயிட்டானே!" என்று நிலத்தில் விழுந்தார்.

ஆமாம் அண்ணன், உங்களுக்காகத்தான். உங்கள் குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் உங்களுக்கு எடுத்தேன். பின்னால் ஊரே ஒப்பாரி. நான், "பயப்பிடாதீங்க அண்ணன், மீசை போச்சு, அதான் அம்மா அழுறா" என்றேன். நீங்கள், "என்னடா, அம்மாட மூச்சுப் போச்சா?" என்றீர்கள். "ஓம் அண்ணன், மீசைதான். விடியப்பறம் போச்சு." "விடியப்பறம் போனதுக்கு இப்பவாடா சொல்றாய்!" என்று நீங்கள் கதறியதை அம்மாவும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உசிரோடதான் இரிக்கான். ஆனா என்ன கஷ்டமோ, இப்பிடி அழுறான்" என்றார்.

அந்த லீவில்தான் விதுர்ஷாவின் வீட்டுக்குப் போனேன். தாய் என் முகத்தைக் கண்டு பதறி, "யார் சேர் தவறின?" என்றார்.

"ஒருத்தரும் தவறல்ல. நான்தான் தவறினன்" என்றேன். அறிக்கையை வாங்கி, 'கவனம் இல்லை' என்றிருந்ததற்கு முன்னால் 'ஆசிரியருக்கு' என்று சேர்த்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். தாய் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்து என்னை இருக்கச் சொன்னார். விதுர்ஷா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திங்கட்கிழமை வந்தாள்.

இப்போது அவள் எல்லோருடைய முகமும் தெரிகிற இடத்தில் இருக்கிறாள். பக்கத்தில் தோழி மேனுகா, நான் வாயால் சொல்வதைக் குறித்துக் காட்டுகிறாள். நான் எழுதிவிட்டுத் திரும்பி நின்று கதைக்கிறேன். நடந்து பழகிய கால், அடிக்கடி மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வியாழன், பின்னக் கழித்தலில், "என்ன விளங்கின?" என்று அவளைக் கேட்டேன். அவள் வழமைபோல் தலையை ஆட்டத் தொடங்கி, இடையில் நிறுத்தி, என்னை நேரே பார்த்து, இடமும் வலமுமாக அசைத்தாள். விளங்கவில்லை! நான் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன். உடனே பின் வாங்கிலிருந்து ஒரு குரல், "சேர், எங்களுக்கும் விளங்கல்ல." பிறகு இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர். நல்ல காதுள்ள பதினேழு பேர், அண்ணன்! இருபத்தெட்டு வருடத்தில் இப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்களோ. பின்னத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அண்ணன், தொலைபேசியில் நீங்கள் "ஓம் ஓம்" என்று சொல்லி வைப்பதையும் நான் இதுவரை கோபம் என்றே நினைத்திருந்தேன். கேட்காததால் சொல்கிறீர்களோ என்று இப்போது படுகிறது. ஒருதரம் காது வைத்தியரிடம் போய் வாருங்கள். அதுவரை நான் எழுதுகிறேன். அண்ணிக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும், உங்கள் காலடிக்கு என் மன்னிப்பும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
வினாயகமூர்த்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், இன்று விதுர்ஷாவிடம் ஒரு தாளில், "மீசை இல்லாததால் என் உதடு இப்போது நன்றாக விளங்குகிறதா?" என்று எழுதிக் கேட்டேன். அவள் கீழே எழுதித் தந்ததை அப்படியே தருகிறேன்: "இல்ல சேர். நீங்க கதைக்கிற கொஞ்சம்தான் விளங்குது. கரும்பலகையில எழுதுறதும் மேனுகா எழுதுறதும்தான் விளங்குது. ஆனா மீசை வைக்க வேணாம். முந்தி நீங்க எந்த நேரமும் கோவமா இரிக்கீங்க எண்டு நினைச்சித்தான் தலையாட்டின நான். சிரிக்கிறது இப்பதான் தெரியுது."