தோற்பதற்கென்று ஒரு படிப்பு

"பதினேழு!" என்று டீச்சர் லோர்னா கை தட்டினாள். "இருபதுக்குப் பதினேழு! வகுப்புலயே முதல் மார்க் எவேலியோதான்!"

இருபதையும் தப்பாகவே எழுத வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பென்சில்வேனியாவில், குதிரைச் சாண நாற்றம் அடிக்கும் அந்தக் காளான் பண்ணையில் மேஸ்திரி வேலை காலியாக இருந்தது. ஸ்பானிஷ் மட்டும் பேசும் கூலியாட்களுக்காக முதலாளி மோரெட்டி சாப்பாட்டு அறையில் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார். "கடைசிப் பரீட்சை முடிவைப் பார்த்துத்தான் மேஸ்திரியைப் போடுவேன்" என்றும் சொல்லிவிட்டார். இன்று நடந்தது ஒத்திகைதான். ஒத்திகையிலேயே மானம் போய்விட்டது.

மேஸ்திரி வேலையில் எவேலியோவுக்கு என்ன கசப்பு என்றால், அவனுடைய மாமியார் எவுஃப்ராசியா அதே கூட்டத்தில் காளான் அறுக்கிறாள். கூலி எடைக்கு. எடை கூட வேண்டும் என்று காம்பை ஒரு விரல் நீளத்துக்கு விட்டு அறுப்பாள். நீளக் காம்புப் பெட்டியைக் கொட்டித் திருப்பி அறுக்கச் சொல்வது மேஸ்திரியின் வேலை. பழைய மேஸ்திரி ஒருமுறை அவள் பெட்டியைக் கொட்டினான். அத்தனை காளானும் அவன் தலையில்தான் விழுந்தது. அவனாவது அந்நியன், துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். எவேலியோ போகும் வீட்டில் அவளும் இருப்பாள்.

வேண்டாம் என்று வாயால் சொல்லவும் வழியில்லை. அடுத்த மேஸ்திரி தன் புருஷன்தான் என்று மனைவி ஒதிலியா அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். பரீட்சையில் தோற்றால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கேள்விக்கும் எது காதுக்குக் கேவலமாகப் பட்டதோ அதைக் குறித்தான். இங்கிலீஷ் என்கிற பாஷையில் கேவலமாகப் படுவதுதான் சரி என்று அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

வாசலில் மாமியார் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இருட்டறையில் அறுப்பதற்காக அவள் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு அவன் மூக்கில் இடித்தது.

"மாப்ளே! பதினேழாமே! அன்னிக்கே சொன்னேன், இவன் முகத்துல அதிகாரம் இருக்குன்னு!"

"ஒத்திகைதான் அத்தே. குருட்டாம்போக்குல போட்டேன்."

"அடக்கத்தைப் பாரு! நாளைக்கு எல்லாருக்கும் சோளமாவுல தமாலே அவிக்கிறேன்."

சொன்னபடி அவித்தாள். அறுபது பேர் சாப்பிட்டுவிட்டு எவேலியோவின் முதுகில் தட்டினார்கள். அன்று மாலை மாமியாரின் காளான் காம்புகள் ஒன்றரை விரல் ஆகியிருந்தன.

"அத்தே, இது ரொம்ப நீளம்."

"மேஸ்திரி என் மாப்பிள்ளை. யாரு கேப்பா?"

மறுநாள் டீச்சரைத் தனியாகப் பிடித்தான். "டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுக் கோடு போட்டேன். மார்க்கை எடுத்துடுங்க."

லோர்னா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இருபது வருஷமாச் சொல்லிக் குடுக்கறேன் எவேலியோ. மார்க்கைக் குறைங்கன்னு கேட்ட முதல் ஆள் நீதான். இந்த நேர்மையை முதலாளிகிட்ட சொல்லாம இருக்க மாட்டேன்."

சொல்லியும் விட்டாள். மோரெட்டி அறுப்பு அறைக்கே வந்து, அடுக்குப் பாத்திகளுக்கு நடுவே நின்று எவேலியோவை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா வருதாமே இங்கிலீஷ்? நல்லது, நல்லது" என்றார். பல்வலிக்காரர் போல முகம் இருந்தது. சிரித்துப் பழக்கமில்லாத மனிதர் என்று எவேலியோ நினைத்துக்கொண்டான்.

அன்றுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. நிச்சயமாகத் தப்புச் செய்ய வேண்டுமானால், எது சரி என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. தோற்பதற்காகப் படித்தே ஆக வேண்டும்.

மோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒதிலியாவுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவளே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

"காருக்கு 'இன்'. பஸ்சுக்கு 'ஆன்'."

"ஆன்னா மேலேதானே?"

"மேலேதான்."

"பஸ்சுக்கு மேலயா உக்காந்து போறோம்?"

"உள்ளதான் போறோம். ஆனா ஆன்."

"காருக்குள்ளயும் உள்ளதானே இருக்கோம்?"

"அதுக்கு இன். கேள்வி கேக்காத, மனப்பாடம் பண்ணு."

காலைக்கு 'இன்', ராத்திரிக்கு 'அட்', திங்கட்கிழமைக்கு 'ஆன்'. மூன்றும் பொழுதுதானே, மூன்றுக்கும் தனித்தனி ஆளா வைத்திருக்கிறான் இங்கிலீஷ்காரன் என்று எவேலியோ மேசையைக் குத்தினான். அது போகட்டும் என்றால் சாப்பிட்டதிலும் வம்பு. நேற்று சாப்பிட்டால் ஒரு விதம். எப்போது என்று சொல்லாமல் சாப்பிட்டால் வேறு விதம். சாப்பிட்டுக்கொண்டே இருந்து இன்னும் முடிக்காவிட்டால் அது மூன்றாவது விதம்.

"ஏண்டி, சோறு வயித்துக்குள்ள போயிடுச்சுல்ல? அப்புறம் எப்பப் போனா இவனுக்கு என்ன?"

"கத்தாத. அம்மா தூங்கறா."

"நான் தூங்கல!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "அடுத்தவீட்டு ரமோனாகிட்ட சொல்லிட்டேன். படிப்புச் சத்தம் கேட்டா மேஸ்திரி வீடுன்னு தெரிஞ்சிக்கட்டும்!"

ஆனாலும் படித்தான். காளான் அறுக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வினைச்சொல்லை முணுமுணுத்தான். கத்தி தவறி விரலில் பட்டபோது கூட, வெட்டினேனா, வெட்டியிருக்கிறேனா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கத்தினான்.

பக்கத்துப் பாத்தியில் அறுக்கும் நெமேசியோ இதைக் கவனித்தான். அவனுக்கு மேஸ்திரி வேலை மேல் உயிர். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டும், முதுகு குனிய மாட்டேன் என்கிறது.

"மச்சான், உனக்கு மட்டும் எப்படி ஏறுது? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

எவேலியோவுக்குக் கும்பிடத் தோன்றியது. "உக்காரு மச்சான். தெரிஞ்சதெல்லாம் சொல்றேன்."

"நீயும்தானே அந்த வேலைக்குப் போட்டி? எதுக்கு எனக்குச் சொல்லித் தரணும்?"

"பேசாம உக்காருடா!"

தினமும் சாப்பாட்டு நேரத்தில் நெமேசியோவின் மண்டையில் 'இன்'னையும் 'ஆன்'னையும் திணித்தான். ஆள் மந்தம். பஸ்சுக்கு ஆன் என்று புரியவைக்கவே ஒரு வாரம் போயிற்று. ஆனால் திணிக்கத் திணிக்க எவேலியோவுக்கே எல்லாம் தெளிவாகிவிட்டது. ரேடியோவில் வானிலை சொல்பவன் பேசுவது புரிந்தது. கடைக்காரி சில்லறை கொடுக்கும்போது முணுமுணுத்த வசவும் புரிந்தது. இது வேறு எரிச்சல்.

கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை நடந்தது. எவேலியோ கேள்விகளைப் படித்தான். இருபதுக்கும் விடை தெரிந்தது. முதல் கேள்வியிலிருந்து ஒழுங்காகத் தப்புப் போட்டுக்கொண்டே வந்தான். சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டை மட்டும் சரியாக விட்டான்.

கடைசிக் கேள்வியில் மட்டும் கை நின்றுவிட்டது. நான் இந்த நாட்டில் பதினோரு வருஷமாக வசிக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டிருந்தது. அவன் வந்தும் அதே பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. இத்தனை காலமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் விரலைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறான். இப்போது முழு வாக்கியமும் நாக்கு நுனியில், ஒரு பிசிறில்லாமல் இருந்தது. அதைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் இருந்த தப்பின் மேல் கோடு போட்டபோது பென்சில் முனை உடைந்தது.

முன் வரிசையில் நெமேசியோ வியர்க்க வியர்க்க எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகைப் பார்த்து எவேலியோ ஆறுதல் அடைந்தான்.

விடைத்தாள்கள் நேராக ஆபீசுக்குப் போயின. திங்கட்கிழமை மதியம் மோரெட்டி சாப்பாட்டு அறைக்கு வந்தார். இன்று முகத்தில் பல்வலி இல்லை. ஆபீஸ் பெண் நிதியா பின்னால் நின்று ஸ்பானிஷில் எடுத்துச் சொன்னாள்.

"பத்தொன்பது வாங்கின நெமேசியோவுக்கு முதலாளி கை குடுக்கறார்."

நெமேசியோ எழுந்தான். எவேலியோ மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தான். மாமியாரின் முகம் தொங்கிப்போனது. ராத்திரி வீட்டில் இதற்குத் திட்டு விழும், விழட்டும் என்று எவேலியோ நிம்மதியாக ரொட்டியைக் கடித்தான்.

"நாளையிலேருந்து மேஸ்திரி, எவேலியோ" என்றாள் நிதியா.

ரொட்டி தொண்டையில் நின்றது. மாமியார் போட்ட கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது. நெமேசியோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "எனக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி நடிச்சு என்னைக் கவுத்துட்டியே, படுபாவி!"

எவேலியோ ஆபீசுக்கு ஓடினான். அங்கே நிதியா காபி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேப்பரு மாறிப்போச்சு. என் மார்க்கைப் பாருங்க!"

"பாத்தேன். ரெண்டு."

"இருபதுக்கு ரெண்டுக்கா! இந்தப் பண்ணையிலயே கடைசி!"

"கடைசிதான். அதிலென்ன சந்தேகம்?"

"அப்புறம் எப்படிக்கா நான் மேஸ்திரி?"

நிதியா ஒரு வாய் காபி குடித்தாள்.

"இங்கிலீஷ் தெரிஞ்ச மேஸ்திரிங்க மூணு பேரு, நல்ல வேலை கிடைச்சு வரிசையா ஓடிட்டாங்கப்பா. வேற எங்கயும் வேலை கிடைக்காத ஒருத்தனைக் கண்டுபிடிக்கத்தான் முதலாளி இந்தப் பரீட்சையே வெச்சார்."