வாப்பா உடைத்த மூன்று டாங்கிகள்

சாய்ந்தமருது,
நவம்பர் 9.

அன்பின் தம்பி ஜுனைட்டுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நான் உயிருடன் இருக்கிறேன். இதை வழமையான உபசார வரி என்று தாண்டிப் போய்விடாதே. இந்தக் கிழமை ஊரில் பாதிப்பேர் இதை நம்ப மறுக்கிறபடியால் முதல் வரியிலேயே எழுதுகிறேன். உன் மதினி பஸ்மிலாவும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் பேத்தி ஆகிலாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இலண்டனில் இப்போது நல்ல குளிராக இருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு இங்கே நீ நடத்துகிற யுத்தத்தின் நிலைவரத்தை அறிவிக்கவே இக்கடிதம். வட்ஸ்அப்பில் எழுதக் கூடாதா என்று கேட்பாய். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் நான். எனக்குக் கோபம் வந்தால் கடதாசிதான் வேண்டும்.

ஆகிலாவின் பள்ளிக்கூடத்தில் பதினோராம் திகதி, உலக யுத்தங்களுக்குப் போன படைவீரர்களை நினைவுகூருகிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்து வீரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். நல்ல காரியம். நம் வாப்பா ஆதம்பாவா இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து, மிசிர் என்கிற எகிப்துக்குப் போய் மூன்று வருடம் இருந்து வந்தவர் என்று பிள்ளைக்குச் சொன்னாயாம். அதுவும் உண்மைதான். அத்தோடு நிறுத்தியிருந்தால் உன் நாக்கு சுளுக்கியிருக்குமா? பக்கத்து மேசைப் பிள்ளையின் பூட்டன் விமானம் ஓட்டியவர் என்று கேட்டதும் உனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாப்பா தனியாளாக மூன்று டாங்கிகளை உடைத்தார் என்று அவிழ்த்துவிட்டாய். டீச்சர் கண் கலங்கிவிட்டாவாம். கலங்காமல் என்ன செய்வா, பாவம், உன்னை அவவுக்குத் தெரியாதே! உடனே அதே நாளில் ஊரிலும் குடும்ப நினைவுக்கூட்டம் வைக்க வேண்டும், அதை அந்த வகுப்புக்கு வீடியோவில் நேரடியாகக் காட்ட வேண்டும், மூத்த மகன் எழும்பி டாங்கிக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓடர் வந்தது. மூத்த மகனாகப் பிறந்தது என் பிழைதான்.

முதலில் வாப்பாவின் படமும் பதக்கமும் வேண்டும் என்றாய். நம் ஊர் வழக்கம் மறந்துவிட்டதா? வீடு பெண்பிள்ளைக்கு, வீட்டோடு அதிலுள்ள பெட்டி படுக்கையும் பெண்பிள்ளைக்கு. நீயும் நானும் ஆளுக்கொரு சாரனோடு மாப்பிள்ளையாகப் புறப்பட்டு வந்தவர்கள். ஆகவே பஸ் ஏறி நிந்தவூருக்கு, நம் தங்கச்சி ஹாஜறாவிடம் போனேன். "அந்தப் பெட்டிய சுனாமி கொண்டு பெயித்து காக்கா" என்று கூடப்பிறந்த மூத்தவனிடமே சொன்னாள். பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். "சாகாமத்து வயல் வாடிக்க" என்றாள். சாகாமம் கடலிலிருந்து எத்தனை கட்டை தூரம் என்று கொஞ்சம் யோசித்துப் பார். கடல் பெரிய றோட்டைக் கடந்து, ஒரு வயலையும் நனைக்காமல் தாண்டி, நம் வாடிக் குடிலுக்குள் மட்டும் நுழைந்து, ஒரு ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது! நம் பகுதியில் காட்ட விருப்பமில்லாத காணி உறுதி, திருப்பிக் கொடுக்க விருப்பமில்லாத சட்டி பானை எல்லாம் சுனாமியில்தான் போயிருக்கின்றன. அந்தக் கடல் உண்மையில் கொண்டுபோனது எத்தனை உயிர், அதற்கு மேல் இந்தப் பழியும். கொஞ்சம் நெருக்கிக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. பெட்டி கறையான் அரித்துப் போனது. பதக்கத்தைப் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரு கிடாயின் கழுத்தில் கட்டினார்களாம், கிடாய் ஹஜ்ஜுப் பெருநாளோடு போய்விட்டதாம், பதக்கம் எங்கே போனதென்று கிடாய்க்குத்தான் தெரியுமாம்.

அந்த நேரம் பார்த்து ஹாஜறாவின் மகன் முர்ஷித் உள்ளே வந்தான். கல்முனையில் பெனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறானே, அவன்தான். "படம் இல்லாட்டி என்ன மாமா, நான் செஞ்சு தாறன்" என்றான். "வாப்பாட முகத்துக்கு எங்கடா போவாய்?" என்று கேட்டேன். "நீங்க அப்படியே மூத்தவாப்பாதானே!" என்றான். எனக்கும் மனம் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன். ஒரு கலியாண வீட்டில் நான் புரியாணிச் சகன் தட்டுக்கு முன்னால் இருந்தபோது எடுத்த படத்திலிருந்து என் முகத்தை வெட்டி, இன்டர்நெட்டில் பிடித்த ஒரு படைவீரனின் உடம்பில் ஒட்டி, கையில் துவக்கையும் பின்னால் எரிகிற மூன்று டாங்கிகளையும் வைத்து, பன்னிரண்டு அடியில் அடித்துச் சந்தியில் கட்டிவிட்டான். சாப்பாட்டைப் பார்த்த அதே ஆசையோடு நான் துவக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 'யுத்த வீரர் மர்ஹூம் ஆதம்பாவா நினைவாக' என்று எழுதியிருந்தான். ஆனால் கட்டிய இடத்தில் வாப்பாவின் பெயர் லைட் போஸ்ட்டுக்குப் பின்னால் போய்விட்டது. றோட்டால் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் என் முகமும், பக்கத்தில் சிவப்பில், இறந்தவர்களுக்குப் போடுகிற மர்ஹூம் என்ற சொல்லும்தான்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது. யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டு போனால் மௌத்தானது நான்! முற்றத்தில் ஆட்களுக்கு முந்தியே கதிரைகள் வந்து இறங்கிவிட்டன. இருபது வருடமாக என்னோடு வேலிச் சண்டை பிடித்த மனிதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான், என்னைக் கண்டதும் ஏமாற்றப்பட்டவன் மாதிரி முகத்தைச் சுளிக்கிறான். போன் அடிக்கிறது. எடுத்தால் பள்ளிவாசல் மோதினார். "பளீல் காக்காட ஜனாஸா எத்தின மணிக்கு அடக்கம்? லவுட்ஸ்பீக்கர்ல சொல்லணும்" என்கிறார். "மோதினார், செத்த மையித்துத்தான் கதைக்கிறன், இன்னும் முடிவெடுக்கல்ல" என்றேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். உன் மதினி என்ன செய்தாள் தெரியுமா? "ஆக்கள் அழுதுபோட்டு வந்திரிக்காங்க, சும்மா அனுப்பேலா, தேத்தண்ணி ஊத்தணும். சீனி முடிஞ்சி, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். என் மௌத்து வீட்டுக்குச் சீனி வாங்க நானே சைக்கிளில் போனேன், தம்பி. கடைக்காரனும் முதலில் ஸலாம் சொல்லத் தயங்கினான்.

அவர்கள் கலைந்து போக, பகல் பொலிஸ் வந்தது. இயக்கத்தில் செத்தவர்களை நினைவுகூருகிற நவம்பர் மாதத்தில், இந்த நாட்டில், துவக்குப் பிடித்தவனின் படத்தைப் போட்டு நினைவு என்று சந்தியில் கட்டினால் வராமல் என்ன செய்யும்? இலண்டனில் இருக்கிற உனக்கு நவம்பர் என்றால் நினைவுக்குச் சட்டையில் குத்துகிற சிவப்புப் பூ, எங்களுக்கு வாக்குமூலம். "இவர் எந்த இயக்கம்?" என்று ஒருவர் கேட்டார். பிரித்தானியப் படை என்றேன். "அதுக்கு இஞ்ச ஆள் சேக்கிறீங்களா?" என்றார். இல்லை ஐயா, இது ஹிட்லரோடு நடந்த சண்டை, எண்பது வருடமாகிறது என்றேன். பெனரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இது நீங்கதானே?" என்றார். "முகம் மட்டும் நான், ஐயா" என்றேன். "அப்ப உடம்பு ஆரு?" என்றார். "இன்டர்நெட்டில் பிடித்த உடம்பு, ஐயா" என்றேன். அதையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

அந்த உடம்பு யார் என்பதைக் கடைசியில் கண்டுபிடித்தவள் உன் பேத்தி. பெனரைப் போனில் பார்த்துவிட்டு, "மூத்தவாப்பா, இது ஜேர்மன் ஆர்மி உடுப்பு" என்று உன்னிடம் சொன்னாளாம். யாருடைய டாங்கிகளை வாப்பா உடைத்தாரென்று நீ கதை விட்டாயோ, அவனுடைய உடுப்பையே அவருக்குப் போட்டுச் சந்தியில் நிறுத்தியிருக்கிறோம். நீ எனக்குப் போன் எடுத்தாய். காக்கா மௌத்தாகி மீண்டாரே, எப்படி இருக்கிறார் என்று கேட்கவா எடுத்தாய்? உடுப்பை மாற்று என்று கத்த எடுத்தாய். முர்ஷித்திடம் சொன்னேன். "எதிரிய முடிச்சிப்போட்டு அவன்ட உடுப்பக் கழட்டிப் போட்டாரெண்டு சொல்லுங்க மாமா" என்றான். இவன் உன் மருமகன்தான், சந்தேகமே இல்லை.

இவ்வளவையும் நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான், அதைப் பகிடியில்லாமல் எழுதுகிறேன். வாப்பாவைப் படையிலிருந்து விட்டபோது கொடுத்த சிறு புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் தொழில் என்ற இடத்தில் பேக்கர், அதாவது பாண் சுடுகிறவர், என்று இருக்கிறது. உனக்கும் தெரியும். "அத ஒளிச்சு வைங்க காக்கா" என்று நீதானே போனில் சொன்னாய். நிந்தவூரில் பாண் நுழையாத ஒரே வீடு நம் வீடு, ஞாபகமிருக்கிறதா? பாண் வண்டியின் மணி கேட்டால் வாப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஏன் என்று நீ கேட்டதில்லை. நான் கேட்டேன். மௌத்தாவதற்கு முந்திய வருடம், சாகாமத்தில் வாய்க்கால் கட்டில் இருக்கும்போது சொன்னார். "மூணு வருசம் மணலுக்க பாண் போறணை எரிச்சன் மனே. விடியக்குள்ள என்ட கையால பாண் வாங்கிட்டுப் போற பொடியனுகள்ல பாதி பின்னேரம் திரும்பி வராது. மிஞ்சின பாணப் பாத்துத்தான் எத்தின பேர் போயிட்டானுகளெண்டு எனக்குத் தெரியும். நான் ஒரு உசிரையும் எடுக்கல்ல. அது எனக்கு அல்லாஹ் தந்த நசீபு. ஆரும் கேட்டா பாண்காரன் எண்டு மட்டும் சொல்லு." நான் ஓம் வாப்பா என்றேன்.

அந்த ஓம் என் கழுத்தில் கிடக்கிறது, ஜுனைட். அந்த மனிதனின் தோளில் மூன்று டாங்கிகளை ஏற்றி, எரிய வைத்து, உள்ளே இருந்த பிள்ளைகளையும் கொன்றதாக அவரைச் சபையில் நிறுத்துகிறாய். அவர் வாழ்நாள் முழுக்க எதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தாரோ அதையே பறிக்கிறாய். எனக்கு நெஞ்சு எரிகிறது. நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் பாண்காரன் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் என் வாயிலிருந்து வராது. வேண்டுமானால் என் முகம்தான் பெனரில் இருக்கிறதே, அதையே பேசச் சொல்லு.

பேத்திக்கு என் முத்தங்கள். அவளுக்குப் படிப்பிலும் பண்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், பொய் சொல்கிற பழக்கம் மட்டும் மூத்தவாப்பாவோடு முடியட்டும். உன் மதினி ஸலாம் சொல்லச் சொன்னாள். ஊரில் என்னை அடக்கம் செய்யத் தயாராக இருந்த அனைவரும் ஸலாம் சொன்னார்கள். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
இன்னும் மர்ஹூமாகாத உன் காக்கா,
பளீல்

பிற்குறிப்பு, நவம்பர் 12: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், வாப்பாவின் புத்தகம் சட்டைப்பையில் இருந்தது. முர்ஷித் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதற்குள்ளே முப்பது பிள்ளைகள் நிலத்தில் சப்பணமிட்டு இருக்கிறார்கள். நடுவில் உன் பேத்தி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னையே பார்க்கிறாள். பாண்காரன் என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். ஏழு டாங்கி என்றுவிட்டேன், தம்பி. ஒரு விமானத்தையும் விழுத்தினார் என்றேன். பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள், ஆகிலா துள்ளினாள், இங்கே ஹாஜறா விம்மி விம்மி அழுதாள், நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். இனி நீயும் ஏழு என்றே சொல்லு, மூன்றென்று சொல்லி என்னைப் பொய்யனாக்கிவிடாதே. வாப்பாவிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதைக் கெதியாக யோசித்து எழுது. நான் மூத்தவன், மறுமையில் அவர் முகத்தில் முதலில் முழிக்கப்போவது நான்தான்.