மொன்டானா கடமான்களும் ஒரு கரிநாக்கும்

"இந்தப் பெடியங்களை இந்த வருசம் ஒருத்தரும் அசைக்க ஏலாது!"

விநாயகமூர்த்தி சொல்லிவிட்டு வாயைக்கூட மூடவில்லை. டிவியில் மொன்டானா கடமான்கள் அணியின் தலைமை ஆட்டக்காரர், பந்தை எறிந்து அணியையே நடத்துகிற ஆறரை அடி மனிதர், தோளைப் பிடித்துக்கொண்டு புயலில் சாய்ந்த பனைபோலப் புல்லில் விழுந்தார். அமெரிக்காவில் ஒரு மைதானமே அடங்கிப்போனது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ரானுயியில் விநாயகமூர்த்தியின் வீட்டு ஹாலும் அடங்கிப்போனது.

ரதிதேவி தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார்.

"சொல்லிப்போட்டியளோ?"

"நான் நல்லதுதானே சொன்னனான்!"

"உங்கட வாயில நல்லதுதான் ஆபத்து."

மறுக்க முடியாது. பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தைப் பார்த்து "என்ன காய்ப்பு!" என்றார், அந்தக் குளிரோடு அது பட்டுப்போனது. ஈஸ்ட் டாமாக்கியில் அவர் வேலை செய்யும் கிடங்குக்குப் புது ஃபோர்க்லிஃப்ட் வந்த அன்று "சோக்கான சாமான்" என்று அதன் முதுகில் தட்டினார். பின்னேரமே அது எண்ணெய் கக்கியது. ரதிதேவியின் சமையலை மட்டும் அவர் கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் புகழ்ந்ததில்லை. அதை ரதிதேவி அன்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எலுமிச்சை மரம் வேறு, மருமகன் வேறு.

மருமகன் ஷிவம், ஒடாஹுஹுவில் டைல்ஸ் பதிக்கும் ஃபிஜிக்காரர் தேவ் நாராயணின் ஒரே மகன். ரக்பி விளையாடி, பந்தை மேகத்தில் முட்ட உதைத்துக்கொண்டிருந்தவரை எவரோ ஒரு அமெரிக்கர் பார்த்து, "எங்கள் ஊருக்கு வந்து உதை" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அமெரிக்கன் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. அதில் பந்தைத் தூரத்துக்கு உதைப்பதற்கென்றே தனியாக ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆள்தான் ஷிவம். ஒரே ஒரு வருட ஒப்பந்தம். இந்த சீசனில் தன்னைக் காட்டினால்தான் அடுத்த வருடம். அவரை நம்பி மகள் கம்சாயினியும் ஹென்டர்சனில் பார்த்த மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு மொன்டானா போயிருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் விநாயகமூர்த்தி வழுக்கி விழுந்து கால் முறிந்து, கார் ஓட்ட முடியாமல் இருந்தபோது, அவரை ரானுயியிலிருந்து ஈஸ்ட் டாமாக்கிக்கு மோட்டர்வே நெரிசலில் நாள் தவறாமல் கொண்டுபோய் விட்டவர் ஷிவம். அப்போது அவர் மருமகன்கூட இல்லை. மகளின் "சும்மா ஃபிரெண்ட்".

அந்த நன்றியை எப்படித் தீர்ப்பது என்று விநாயகமூர்த்தி மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். வாயால் தீர்த்துவிட்டார்.

"இவ்வளவு நேரமும் எங்கட பெடியனை இறக்கவே இல்லை. நான் வாயைத் திறந்த உடன இறக்கினம், பாருமன்!" என்றார்.

உண்மைதான். அணி வென்றுகொண்டிருந்தவரை ஷிவம் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஓடி வந்தார், பந்தை வானத்துக்கு உதைத்தார், எங்கோ தூரத்தில் எதிரணிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். ஷிவம் திரும்ப ஓடிப்போய் உட்கார்ந்தார்.

"ஐயோ, பந்தைக் கொண்டுபோய் எதிரியிட்டையே குடுக்கிறாரே!"

"அது ஏன் அப்பிடி?" என்றார் ரதிதேவி.

விநாயகமூர்த்திக்குத் தெரியாது. ஆனால் கலியாண வீட்டில் மருமகனின் தோளில் கைபோட்டு, "இந்த விளையாட்டு எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

"அது ஒரு தந்திரம்," என்றார்.

அன்று கடமான்கள் தோற்றார்கள்.

அமெரிக்காவின் ஞாயிற்றுக்கிழமை நமக்குத் திங்கட்கிழமைக் காலை. விநாயகமூர்த்திக்குப் பின்னேர ஷிஃப்ட். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த திங்கள் டிவிக்கு முன்னால் செத்தல் மிளகாய், உப்பு, கடுகோடு நின்றார்.

"என்ன செய்யப்போறியள்?"

"நாவூறு கழிக்கப்போறன். என்ர வாயால பட்டது, என்ர கையாலதான் போகவேணும்."

டிவியை மூன்று தரம் சுற்றினார். செற்றியில் குந்தியிருந்த ரதிதேவியையும் ஒரு காப்புக்குச் சுற்றினார். கொண்டுபோய் அடுப்பில் போட்டார். மிளகாய்ப் புகை ஹாலுக்கு வருவதற்கு முன்பே புகை அலாரம் அலறத் தொடங்கியது. இருமிக்கொண்டே கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு சமோவா அண்ணன், அதே எலுமிச்சை மரத்துக்காரர், தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலி பாய்ந்து வந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார் விநாயகமூர்த்தி. "இங்கே இங்கே" என்று கூப்பிடுவதாக அண்ணன் நினைத்துக்கொண்டார்.

செற்றி நனைந்தது. கம்பளம் நனைந்தது. நாவூறு கழித்த சாம்பல் தண்ணீரோடு ஓடிப்போய் டிவிக்குக் கீழேயே தேங்கியது. கண்ணெரிச்சலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், கடமான்கள் போன வாரத்தைவிட மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஷிவம் ஓடி வந்து உதைத்தார். போனார். திரும்ப வந்தார்.

"நல்ல மனுசன், உடன ஓடி வந்திட்டார்," என்றார் விநாயகமூர்த்தி, சமோவா அண்ணனைப் பற்றி.

"அவரையும் புகழாதேங்கோ!" என்று அலறினார் ரதிதேவி.

அது புரட்டாதி மாதம். சனிக்கிழமை கோயிலுக்குப் போனார்.

"அர்ச்சனை ஆற்ற பேரில?" என்று கேட்டார் ஐயர்.

"மொன்டானா கடமான்கள்."

"குடும்பப் பேரோ?"

"டீம் ஐயா. ஐம்பத்து மூண்டு பேர்."

ஐயர் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒரு தேங்காய்தான் இருந்தது. "நட்சத்திரம்?"

விநாயகமூர்த்தி ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். "டீம் தொடங்கின திகதியை வைச்சுப் பார்த்தனான். ரேவதி. மீன ராசி."

"மீனமோ!" ஐயரின் முகம் விழுந்தது. "சென்மச் சனி எல்லே நடக்குது. எள்ளெண்ணெய் எரிக்கவேணும். ஆள் நேர வந்து எரிச்சால்தான் பலன்."

"ஐம்பத்து மூண்டு பேருமோ?"

"ஓம். வேட்டியோட."

ஆளுக்கு நூற்றைம்பது கிலோவில் ஐம்பத்து மூன்று பேர் வேட்டி கட்டிக்கொண்டு சனீஸ்வரனைச் சுற்றி வரும் காட்சி விநாயகமூர்த்தியின் கண்ணில் ஒரு கணம் ஓடியது. நடக்காது என்று கண்டு, எல்லோருக்குமாகத் தானே ஐம்பத்து மூன்று சட்டி எரித்தார். வேட்டியில் எண்ணெய், தலையில் எண்ணெய், வீட்டுக்கு வரும் வழியில் கார் ஸ்டியரிங்கிலும் எண்ணெய். இறங்கும்போது மனம் நிறைந்து சொன்னார்:

"இனி ஒரு குறையும் வராது."

ரதிதேவி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அந்த வாரம் கடமான்களின் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இனிப் பொறுக்க முடியாது என்று சம்பந்தியிடம் போனார். தேவ் நாராயணின் வம்சத்தில் தமிழ் எப்போதோ ஃபிஜிக் கரும்புத் தோட்டத்தில் கரைந்துபோய், அவரிடம் மிஞ்சியிருந்தது "வாங்க", "சாப்பிடு", "ஐயோ" மூன்றும்தான். மீதி ஆங்கிலம். அன்று மட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கடமான்கள் பந்தோடு முன்னேற முடியாமல் தடுமாறி நின்றார்கள். தேவ் நாராயண் கதிரையை விட்டு எழும்பி நின்று கைதட்டினார்.

"வாங்க, வாங்க! குட் சீசன், மூர்த்தி!"

"என்ன குட் சீசன்? தோத்துக்கொண்டெல்லே இருக்கினம்! தேவ், ஒரு விசயம் கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். இது என்னாலயோ?" என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டார்.

"நோ வொரிஸ், நோ வொரிஸ். சாப்பிடு." பலகாரத் தட்டு மடிக்கு வந்தது. டிவியில் ஷிவம் ஓடி வந்தார். தேவ் நாராயண் விசிலடித்தார்.

வீட்டுக்கு வந்து ரதிதேவியிடம் சொன்னார்: "பாவம். ஒரே பிள்ளை எல்லே. கவலையில மனுசனுக்குத் தலை கழண்டுபோச்சு. கைதட்டுறார்!"

அன்றிரவு படுக்கையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்லது சொன்னால் கெடுகிறது என்றால், கெட்டது சொன்னால்?

அடுத்த திங்கள் டிவிக்கு முன்னால் நின்று மனச்சாட்சிக்கு விரோதமாகத் திட்டினார். "நீங்கள் உருப்படமாட்டியள்! ஒரு புள்ளி எடுக்கமாட்டியள்! கடமானாம் கடமான், கழுதையள்!"

கரிநாக்கு இரண்டு பக்கமும் கூர் என்று அன்றுதான் தெரிந்தது. கடமான்கள் உண்மையிலேயே ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஷிவம் வந்தார், உதைத்தார், போனார், வந்தார். கடைசியில் களைத்து, இடுப்பில் கைவைத்து நின்றவரை கமரா கிட்டத்தில் காட்டியது.

"உதைச்சு உதைச்சுப் பிள்ளையின்ர கால் தேஞ்சுபோச்சு," என்றார் விநாயகமூர்த்தி. "ரதி, என்னை ஏத்தி ஏத்தி வேலைக்குக் கொண்டுபோனவன். நான் அவன்ர வேலையைத் தின்னுறன்."

ரதிதேவி முதல்தடவையாக அவரைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார். அதுதான் விநாயகமூர்த்திக்கு இன்னும் பயமாக இருந்தது.

மிச்சம் ஒரே வழி. மௌனவிரதம். மட்சைப் பற்றி மட்டுமல்ல, மொன்டானாவோடேயே பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். கம்சாயினி வீடியோவில் வந்தால் கும்பிட்டுவிட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். ஷிவம் "மாமா!" என்று கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் கம்சாயினி தனியாக ரதிதேவியைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பாக்கு என்ன? டீம் தோக்குது எண்டு ஷிவமோட கோவமா? ஹி இஸ் ரியலி ஹர்ட்."

கதவுக்குப் பின்னால் நின்ற விநாயகமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கும் சத்தம் வந்துவிடக் கூடாதே.

சீசன் முடிந்தது. லீக்கின் அடிமட்டத்தில் கடமான்கள் கிடந்தார்கள். இறுதிச் சுற்றுக்கெல்லாம் போக வேண்டியதில்லை என்பதால், தைப்பொங்கலுக்கு முதல்நாளே மகளும் மருமகனும் ஆக்லாந்து வந்து இறங்கினார்கள். பிள்ளைகளைக் கண்ணால் கண்டதற்கு விநாயகமூர்த்தி மனத்துக்குள் ஆயிரம் நன்றி சொன்னார். வாயைத் திறக்கவில்லை.

பொங்கல் காலை. பின்வளவில் கேஸ் அடுப்பில் பானை. பட்டுப்போன எலுமிச்சையின் அடியில் புதிதாக ஒரு துளிர் விட்டிருந்தது வேலிக்கு மேலால் தெரிந்தது. விநாயகமூர்த்தி அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேவ் நாராயண் கரும்பைக் கடித்துக்கொண்டு நின்றார். ஷிவம் மெதுவாக மாமனாருக்குப் பக்கத்தில் வந்தார். அவருடைய தமிழ் முழுவதும் கம்சாயினியிடம் படித்தது. அதனால் அன்பாகச் சொன்னாலும் அதட்டலாகவே வரும்.

"மாமா! ஏன் என்னோட கதைக்கிறியளில்லை? இப்ப சொல்லவேணும்!"

விநாயகமூர்த்தியின் விரதம் அங்கேயே முறிந்தது.

"தம்பி, கோவமில்லை. பயம். என்ர வாய் கரிநாக்கு. முதல் மட்சில, உங்களை ஒருத்தரும் அசைக்க ஏலாது எண்டு நான்தான் சொன்னனான். அதோட எல்லாம் சரிஞ்சுது. எரிச்சும் பார்த்தன், திட்டியும் பார்த்தன். எல்லாரிட்டையும் கேட்டுப்போட்டன், ஒருத்தரும் நேராச் சொல்லினமில்லை. நீங்களாவது சொல்லுங்கோ. உங்கட வேலை என்னாலதானே போனது?"

"வேலையா? ஆர் சொன்னது? மூண்டு வருசத்துக்கு நீட்டியிருக்கினம்."

"தோத்த டீம், கோச்சையே கலைச்சுப்போட்டாங்கள். உங்களை மட்டும் ஏன் வைச்சிருக்கினம்?"

ஷிவம் கம்சாயினியைப் பார்த்தார். கம்சாயினி தகப்பனைப் பார்த்தாள். "அப்பா... உங்களுக்கு இந்த கேம் தண்ணிபட்ட பாடு எண்டு சொன்னீங்களே?"

விநாயகமூர்த்தி பானையைப் பார்த்தார்.

"மாமா," என்றார் ஷிவம், "எங்கட ஆக்கள் முன்னுக்குப் போக ஏலாமல் நிக்கேக்கதான் பந்தைத் தூரத்துக்கு உதைச்சு விட என்னைக் கூப்பிடுவினம். டீம் நல்லா ஆடினால் நான் வாங்கில இருந்து தண்ணி குடிக்கவேண்டியதுதான். இந்த வருசம் லீக்கிலேயே ஆகக்கூட உதைச்சது நான். அமெரிக்கா முழுக்க என்ர காலைப் பார்த்திட்டுது."

தேவ் நாராயண் கரும்போடு கைதட்டினார். "குட் சீசன்!"

பானை பொங்கி வழிந்தது. விநாயகமூர்த்தியின் முகமும் அப்படித்தான் இருந்தது. கண்ணைத் துடைத்தார். மனத்தில் நிரம்பியிருந்த எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தார். ரதிதேவி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அந்த வாயைப் பொத்தினார்.

"ஐயோ, பிள்ளையைப் புகழ்ந்துபோடாதேங்கோ!"

ஷிவம் மாமியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, விரலை நீட்டி அதட்டினார்:

"என்னைப் பற்றி மூச்சு விடப்படாது, ஆனா செப்டம்பரில, முதல் மட்சில, அதே கதிரையில இருந்து, எங்கட டீமை ஒருத்தரும் அசைக்க ஏலாது எண்டு சத்தமாச் சொல்லவேணும், விளங்கிச்சோ மாமா?"