வெங்கிடாசலம் மச்சான் குடுத்த பொடியில் என்ன இருக்கிறது?

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை.

சங்கரன்கோவில் வெங்கிடாசலம் மச்சான் சமூகத்துக்கு, ஒடம்பு பாதியும் வாய் முழுசுமா இருக்குற ராசப்பன் எழுதிக்கிறது. இங்க எல்லாரும் நலம்னு எழுதச் சொன்னா உம்ம தங்கச்சி ராக்கம்மா முறைக்கிறா. அதனால நலத்த நீரே நெனச்சுக்கிடும்.

சந்தேகப்படலய்யா! உம்ம பொடியில என்ன சேந்திருக்குன்னுதான கேட்டேன்? அதுக்கு, "என் பொடியச் சந்தேகப்பட்டவன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு போனை வச்சா எப்படி? பெறவு பத்துத் தடவ கூப்பிட்டும் எடுக்கல. அதான் கடுதாசி. கீமோ ஏத்தி வெரலு மரத்துப்போச்சு, நான் சொல்லச் சொல்ல ராக்கம்மா எழுதுறா. எழுத்து அழகா இருந்தா அவளோடது, திட்டு அழகா இருந்தா என்னோடது.

கொடலுக் கட்டிக்கு மூணு கீமோ முடிஞ்சு நாலாவதுக்குப் போனா, ரத்தத்தப் பாத்துட்டு, ஈரல் கெடுறதக் காட்டுற அளவு ஏறிக் கெடக்கு, இப்ப ஏத்த முடியாதுன்னுட்டாங்க. அதே ஆஸ்பத்திரியில ஷீஜான்னு ஒரு ஆயுர்வேத டாக்டரும் இருக்கு. இஞ்சிச் சாயாவும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்குடுத்து என் கொமட்டலக் கொறச்ச புள்ள. அது கேட்டுச்சு, "வேற மருந்து கழிக்குன்னுண்டோ?" இங்க கழிக்கிறதுன்னா சாப்பிடுறது, நீரு மூக்கப் பொத்தாதயும். இல்லவே இல்லன்னேன். பொய்யில்ல மச்சான், மருந்துன்னா மாத்திரைதான? "வீட்டுல உள்ளதெல்லாம் பையில கொண்டுவாங்க"ன்னுச்சு. கொண்டு போய் மேசையில பரப்புனேன். தோப்பும்படி சித்தி கஷாயம், சுள்ளிக்கல் சம்பந்தி லேகியம், பிராட்வே கடைக்காரரு குடுத்த வேரு, உம்ம பொடி டப்பா. "இதெல்லாம் மருந்தில்லையா?"ன்னுச்சு. "இதெல்லாம் சொந்தக்காரங்க டாக்டரே, ஒண்ண வேண்டாம்னா ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது"ன்னேன். சிரிச்சுச்சு, பெறவு சிரிக்கல. "நல்லது கெட்டது நான் சொல்லல. என்னன்னே தெரியாதது கீமோவோட சேந்தா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நிறுத்துங்க, பொடியில என்ன இருக்குன்னு கேட்டு எழுதிக் கொண்டாங்க"ன்னுச்சு. பாத்தீரா, கேக்குறது இங்கிலீஷ் டாக்டரு இல்ல, நம்ம பச்சிலைக் கச்சிதான்.

எல்லாத்தையும் ராக்கம்மாகிட்டக் குடுத்துத் தூரப் போடச் சொல்லிப் பன்னெண்டு நாளாச்சு. நேத்துப் பாத்தா அளவு எறங்கல, ஏறியிருக்கு! மண்ட கொழம்பிப்போச்சு மச்சான். திங்கக்கெழம எறங்கலன்னா இன்னும் தள்ளிப் போடுவாங்க. தள்ளத் தள்ளக் கட்டி சும்மா உக்காந்திருக்குமா? திங்காத பொடி எப்படி ஈரல்ல ஏறும்? டாக்டர் என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, "வீட்டுல சமையல் யாரு?"ன்னுச்சு. ராக்கம்மான்னேன். அத எதுக்குக் கேட்டுச்சோ, அதுவும் புரியல.

உம்ம வீட்டுல ஜெயலக்ஷ்மிக்கும் பிள்ளைகளுக்கும் எங்க ஆசீர்வாதம். உம்ம கோவத்துக்கு மட்டும் கெடையாது.

இப்படிக்கு,
ராசப்பன்

பின்குறிப்பு: மேல உள்ளத அடிச்சிரும். இது என் கோணக் கையெழுத்து. உம்ம தங்கச்சி பேனாவ வச்சுட்டு, மீன்கொழம்புலயும் தோச மாவுலயும் உம்ம பொடியக் கலந்தது அவதான்னு சொல்லிட்டா. "டாக்டர் வேண்டாம்னாக, அண்ணன் கண்டிப்பாக் குடுன்னாக. ரெண்டுல எதையாவது விட்டு நீங்க போயிட்டீகன்னா?"ங்குறா. நான் வேற பன்னெண்டு நாளா கொழம்பு பிரமாதம்னு ரெண்டாந்தடவ ஊத்தச் சொல்லியிருக்கேன். ஆக மச்சான், உம்ம மேல உள்ள கோவம் வாபஸ், ஆனா அந்தப் பொடியில... இரும், போனைத் தூக்கிட்டு வாசலுக்குப் போறா. உம்மளத்தான் கூப்பிடுறா. தங்கச்சின்னா மொத மணியிலயே எடுப்பீரே. ஏட்டி ராக்கு, நில்லு, நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிராத, நீயா கேக்குற மாதிரி கேளு, ஒவ்வொண்ணா எழுதிக்க, அப்புறம் அவர்கிட்ட