இருநூறு தலை நாற்காலி

பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்த நாற்காலியை இன்றைக்கே வாங்கிவிடுவது என்று சலூன்காரர் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவு செய்தார். மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முடிவுகளில் இது இரண்டாவது. முதலாவது மீசை. அது நாலு நாள்தான் தாங்கியது.

நாற்காலி எதிர்வரிசை ஃபர்னிச்சர் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் அதை ரெக்லைனர் என்பார். பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் முதுகு சாயும், கீழேயிருந்து ஒரு பலகை எழும்பி வந்து காலைத் தாங்கும். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நிற்கிறவருக்கு அந்தப் பலகையின் மேல் ஒரு கண். சலூனில் மூன்று நாற்காலி உண்டுதான். ஆனால் சலூன்காரர் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தால், கடையில் வேலை இல்லை என்று தெருவுக்கே அறிவித்த மாதிரி. ஷேவிங்குக்குச் சாய்த்துவிட்டால் ஆட்கள் ஏன் உடனே கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அப்படி என்ன சுகம் அதில் என்று இருபத்திரண்டு வருஷமாக அவருக்குள் ஒரு கேள்வி கிடந்தது.

முதல்முறை பார்த்தபோது விலை பன்னிரண்டாயிரம். அன்றைக்கே வீட்டில் பேச்சை எடுத்தார். மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மெஷினிலிருந்து காலை எடுக்காமல், "கடையில மூணு இருக்கே, நாலாவது எதுக்கு?" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது, ரகசியம் ஆரம்பித்தது. பழுதாகிப்போன முடிவெட்டும் மெஷினின் அட்டைப்பெட்டி ஒன்று பீரோவுக்கு மேல் கிடந்தது. அதில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தார். ஒரு வருஷத்தில் பன்னிரண்டாயிரம் சேர்ந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் நாற்காலி பதிமூன்றரை ஆகியிருந்தது.

ஏற்றின விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை அவர். விலை இறங்கட்டும் என்று பெட்டிக்கு டேப் ஒட்டிப் பழைய இடத்திலேயே வைத்தார். காத்திருந்தார். ஒன்பது வருஷம் காத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, மனைவி வெளியே போன சமயம் பார்த்து, பெட்டியை எடுத்துக் குலுக்குவார். உள்ளே நோட்டுக்கட்டு தொப்பு தொப்பென்று இடிக்கும். பணம் பத்திரமாக இருக்கிறது என்று வைத்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை காலை ரேட் போர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தார். முடிவெட்டுக்கு நூற்றைம்பது என்று இருந்ததை நூற்றெழுபது ஆக்குவதாக உத்தேசம். எண்கள் எல்லாம் ஒட்டுத்தாள்கள். ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவந்திருந்தார். நூற்றைம்பதை உரித்தால் கீழே நூற்றிருபது. அதற்குக் கீழே நூறு. அப்புறம் எண்பது. கடைசியில், வெளிறிப்போய், அறுபது.

அந்த நேரம் பார்த்து ஃபர்னிச்சர் கடைக்காரர் முடிவெட்ட வந்தார். போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, மறுபடி ஏத்தறீங்களா?"

"இன்னும் ஒட்டல. நீங்க பழைய ரேட்லயே உக்காருங்க."

கடைக்காரர் அவசரமாக உட்கார்ந்தார். சலூன்காரர் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டார்.

"நான் ஏத்தறது இருக்கட்டும். அந்த நாற்காலி இப்ப எவ்வளவு?"

"முப்பதாயிரம். அடுத்த வாரம் புது லோடு வருது, முப்பத்திமூணு."

"நான் பார்த்தப்ப பன்னிரண்டு. அநியாயமா இல்ல?"

"அண்ணே, நீங்க பார்த்தப்ப என் தலைக்கு எவ்வளவு வாங்கினீங்க?"

"அறுபது."

"இப்ப நூத்தம்பது. அப்ப இருந்த முடியில பாதி கூட இப்ப இல்ல. வேலை பாதி, கூலி ரெண்டரை மடங்கு. நான் அநியாயம்னு சொன்னேனா?"

சலூன்காரருக்குக் கத்திரி நின்றுவிட்டது. ரெண்டரை மடங்கு. பன்னிரண்டை ரெண்டரையால் பெருக்கினால் முப்பது. கண்ணாடியில் தெரிந்த கடைக்காரரின் முகத்தையே பார்த்தபடி மனசுக்குள் வகுத்தார். பன்னிரண்டாயிரத்தை அறுபதால் வகுத்தால் இருநூறு. முப்பதாயிரத்தை நூற்றைம்பதால் வகுத்தாலும் இருநூறு.

"அண்ணே, காது பத்திரம்" என்றார் கடைக்காரர்.

"அப்பவும் இருநூறு தலை. இப்பவும் இருநூறு தலை" என்றார் சலூன்காரர்.

"எது?"

"உங்க நாற்காலி. அது ஏறவே இல்லீங்க. நின்ன இடத்துலயே நிக்குது."

"அதைத்தானே நானும் பத்து வருஷமா சொல்றேன். மரம், பஞ்சு, ஆள் கூலி, எல்லாம் சேர்ந்து நகருது. கூடவே நானும் நகர்றேன்."

"அப்ப நகராதது எது?"

கேட்டுவிட்டு அவரே பதிலையும் கண்டுபிடித்தார். நகராதது பீரோவுக்கு மேல் இருந்தது. இருநூறு தலைக்கான கூலியை அதில் போட்டு மூடினார். இன்றைக்கு அதே பன்னிரண்டாயிரத்தை நூற்றைம்பதால் வகுத்தால் எண்பது தலை. மிச்சம் நூற்றிருபது தலை எங்கே போனது? வீட்டுப் பூட்டு உடையவில்லை. டேப் கிழியவில்லை. ஒரு திருடன் ஒன்பது வருஷமாக ஓசைப்படாமல் வந்து, ஒரு நோட்டைக்கூடத் தொடாமல், நூற்றிருபது தலையை வாரிக்கொண்டு போயிருக்கிறான். நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருந்தது. கோபப்படவே மறந்துபோனார்.

பணத்தை இனி ஒரு நாள்கூடப் பெட்டியில் விடக்கூடாது. முன்பணமாக அதைக் கொடுத்து, மீதியைத் தவணையில் கட்டி, முப்பத்திமூன்று ஆகும் முன்னால் நாற்காலியைத் தூக்கிவிட வேண்டும். அதுதான் பத்தரை மணி முடிவு.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது மனைவி திரைச்சீலை ஒன்றுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஓவர்லாக் மெஷின் கடகடவென்று ஓடியது. துணி ஓரம் நூல் பிரியாமல் தைக்கிற மெஷின் அது. சலூன்காரருக்குக் கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது.

"உனக்கொரு விஷயம் தெரியுமா? பணம் சுருங்குது."

"தண்ணியில போட்டீங்களா?"

"விளையாடாதே. சும்மா வச்சிருந்தாலே சுருங்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி நூறுக்கு என்னென்ன வாங்கின?"

"பத்து கட்டை நூல். இப்ப நாலு வருது."

"அதேதான். நூறு அப்படியே இருக்கு, நூலைக் காணோம். இதை நீ யோசிச்சிருக்கியா?"

"மாசாமாசம் நூல் வாங்கறவ யோசிக்காம என்ன செய்வா?" என்றாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "எந்தப் பணம் சுருங்கிச்சு?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவாவா? சரி. நான் இந்தத் திரையைக் கொடுத்துட்டு வந்துடறேன். சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வையுங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, சலூன்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியை எடுத்தார். டேப்பைப் பிரித்தார். உள்ளே கட்டு இருந்தது. எண்ணினார். பன்னிரண்டாயிரம், ஒன்று குறையவில்லை. ஆனால் அவர் போட்டவை கசங்கிய பழைய நோட்டுகள், பாதியில் தலைமுடி ஒட்டியிருக்கும். கையில் இருந்தவை மடிப்புக் கலையாத புது நோட்டுகள். போன வருஷம் வெளிவந்த புது நிறம்.

சுருங்கும் என்று தெரியும். புதுசாகவும் ஆகுமா என்று ஸ்டூல் மேல் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே குரல் கேட்டது.

"சரியா இருக்கா?"

மனைவி வாசலில் நின்றாள். கையில் திரைச்சீலை அப்படியே இருந்தது.

"உனக்கு இது தெரியுமா?" என்றார் அவர். மேலே நின்றுகொண்டு கேட்டாலும் குரல் கீழேதான் இருந்தது.

"ஒன்பது வருஷமா தெரியும். பட்டன் போட்டுவைக்க ஒரு பெட்டி தேடினேன். இது கிடைச்சுது."

"எடுத்தியா?"

"எடுத்தேன். ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். பன்னிரண்டாயிரம்."

"அது தவணையில வாங்கினதுன்னு சொன்னியே."

"தவணைதான். ஒரே தவணை."

சலூன்காரர் மெதுவாக இறங்கி அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். "இரு. நான் வருஷாவருஷம் குலுக்கிப் பார்த்தேனே. சத்தம் வந்துச்சே."

"வெட்டுத்துணியை நோட்டு அளவுக்கு வெட்டி ரப்பர் பேண்டு போட்டு வச்சேன். அந்தச் சத்தம் சரியா வர்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. முதல்ல பருத்தி வச்சேன், சத்தமே இல்ல. அப்புறம் காலர் உள்ள வைக்கிற கனமான துணி வச்சேன். அதுதான் பணம் மாதிரியே இடிச்சுது."

தன் ஒன்பது வருஷ நிம்மதி காலர் துணியால் ஆனது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப திருப்பி வச்சே?"

"போன மாசம். இன்னும் தள்ளிப்போட்டா எனக்குத்தான் லாபம். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே. பன்னிரண்டு எடுத்தேன், பன்னிரண்டு வச்சுட்டேன்."

அங்கேதான் சலூன்காரருக்கு உயிர் வந்தது. அன்றைக்குக் காலையில் தான் கற்றது வீண் போகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பன்னிரண்டு வேற, இந்தப் பன்னிரண்டு வேற. நீ எடுத்தது இருநூறு தலை. வச்சது எண்பது தலை."

"நான் பணத்தைத்தான் எடுத்தேன். தலையை எப்ப எடுத்தேன்?"

அவர் விளக்கினார். அறுபதையும் நூற்றைம்பதையும் அவளுடைய அளவு நோட்டிலேயே எழுதிக் காட்டினார். ஃபர்னிச்சர் கடைக்காரரின் தலையை உதாரணம் காட்டினார். நூற்றிருபது தலை பாக்கி, இன்றைய ரேட்டில் பதினெட்டாயிரம் என்று அடிக்கோடு போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "பணத்தை வச்சிருந்தா சுருங்கும். மெஷினை வச்சிருந்தா தைக்கும். அதனாலதான் நான் மெஷினா வச்சிருந்தேன். அது கிடக்கட்டும். எதுக்குச் சேர்த்தீங்க?"

நாற்காலி என்றார். இன்றைக்கு முப்பதாயிரம், அடுத்த வாரம் முப்பத்திமூன்று என்றும் சொன்னார். சொல்லும்போது தானாகவே முழங்காலைத் தடவிக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எழுந்து போய், நூல் கட்டை டப்பாவின் அடியிலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்துவந்தாள். பதினெட்டாயிரம்.

"இதையும் சேர்த்து இன்னிக்கே வாங்கிடுங்க. அடுத்த வாரம் முப்பத்திமூணு ஆயிடுமே."

சலூன்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக மனைவியிடம் வாதாடி ஜெயித்திருக்கிறார். ஜெயித்தவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டாமா?

"இது நான் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற கடன்தானே?" என்று கேட்டாள் அவள்.

"சேச்சே. புருஷன் பொண்டாட்டிக்குள்ள கடன் என்ன கடன்? உன் பங்குன்னு வச்சுக்கோ."

"பங்குன்னே வச்சுக்கவா?"

"தாராளமா."

"சரி" என்று அளவு நோட்டை எடுத்து, அவர் போட்ட அடிக்கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

சாயங்காலமே நாற்காலி வந்து இறங்கியது. இரண்டு ஆட்கள் தூக்கிவந்து ஜன்னலோரமாகப் போட்டார்கள். சலூன்காரர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, முகம் கழுவி, பிடியில் கை வைத்தபோது அவள் அளவு நோட்டோடு வந்தாள்.

"முப்பதாயிரத்துல உங்க பங்கு பன்னிரண்டு, என் பங்கு பதினெட்டு. அப்படின்னா வாரத்துல ஏழு நாள்ல எனக்கு நாலுக்கு மேலயே வரும். உங்களுக்கு மூணு கூட முழுசா வராது. போனாப் போகுதுன்னு மூணாவே வச்சிருக்கேன். வெள்ளி, சனி, ஞாயிறு உங்களுக்கு."

"இன்னிக்கு?"

"புதன்."

அவள் உட்கார்ந்து பிடியை இழுத்தாள். முதுகு சாய்ந்தது. பலகை எழும்பி வந்து காலைத் தாங்கியது. முதுகுப் பலகையே இல்லாத ஸ்டூலில் வருஷக்கணக்காகக் குனிந்து தைத்தவள் அவள். அது அவருக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. அவளும் உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் சலூன்காரர். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சுக்குவீங்க."

வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டது பெரிய தப்பாகப் போயிற்று. அதன்பிறகு திங்கள் முதல் வியாழன் வரை நாட்கள் நகரவே மறுத்தன. மறுபடி ரகசியமாகச் சேர்க்க ஆரம்பித்தார். இந்த முறை வீட்டில் வைக்கவில்லை. சலூனில், பவுடர் டப்பாவுக்குள். தினமும் திறந்து, ஒவ்வொரு நோட்டாகத் தொட்டு எண்ணினார். சரியாக ஒரு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பதினெட்டாயிரத்தையும் கொண்டுவந்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார்.

"உன் பங்கு மொத்தத்தையும் நானே வாங்கிக்கறேன். இந்தா, பதினெட்டு. ஒண்ணு குறையல."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அது போன வருஷத்து விலைங்க."