டெமோ சாரும் சேட்டைக்கார மாணவரும்

இங்கிலீஷ் வாத்தியார் தேவை என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, டெமோ சாரிடமிருந்து தப்பித்த பள்ளிக்கூடம் இந்த உலகத்தில் கிடையாது. தாய்லாந்தோ, ஓமனோ, மேப்பில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவோ, எதுவாக இருந்தாலும் அன்று சாயங்காலமே சின்னமனூரிலிருந்து விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். டியூஷன் சென்டரில் வேலை. இலக்கணம் சுத்தம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் சர்டிபிகேட்டைப் பார்த்ததோடு விடுவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நின்று, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் டெமோ. ஆட வேண்டும், பாட வேண்டும், முயல் மாதிரி குதிக்க வேண்டும். இவரோ பிளஸ் டூ பையன்களை முறைத்தே பாஸ் பண்ண வைத்தவர். ஒவ்வொரு டெமோவிலும் ‘எனர்ஜி போதாது’ என்று கழித்துக்கட்டினார்கள். போட்டிக்கு வந்தவர்களோ பிறந்தபோதே இங்கிலீஷில் அழுதவர்கள். சாருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் பல நாடுகளில் கதவைச் சாத்திவிடுவார்களாம்.

ஆகவே தினமும் காலையில் மாடியில் ஒத்திகை. நானும் என் மனைவியும் எதிர்வீட்டு வாழைமண்டி பாயும் மாணவர்கள்.

“எந்த கிளாஸ்லயும் ஒரு சேட்டைக்காரன் இருப்பான் பாய். அவனைச் சமாளிக்கத் தெரியணும். அது நீங்கதான்” என்றார் சார்.

“அதுக்கென்ன சாரே, செஞ்சுட்டாப் போச்சு” என்றார் அறுபது வயது பாய்.

செய்தார். சாக்பீஸை ஒளித்தார். என் துண்டை உருவினார். நிமிஷத்துக்கு ஒரு தரம் சுண்டுவிரலைத் தூக்கி “டீச்சர், ஒண்ணுக்கு!” என்றார். சார் ஒரு பழத்தைக் காட்டி என்னவென்று கேட்டால் என் மனைவி “பனானா” என்பாள். பாய் விடமாட்டார்.

“இது நாழிப்பூவன். பனானான்னு பொதுவாச் சொன்னா எவன் வாங்குவான்?”

பாயை அடக்க சார் கைதட்டினார், பாடினார், குதித்தார். கீழே எனக்காக எடுத்துவைத்திருந்த இட்லியில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

“அவுக வெளிநாடு போறாகளோ இல்லையோ, நம்ம வீடு போயிரும்” என்றாள் மனைவி.

கடைசியாக வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடம் இறுதிச் சுற்றுவரை கூப்பிட்டது. இந்த முறை நிஜப் பிள்ளைகள். லேப்டாப் திரையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

சார் கேட்டார், பிள்ளைகள் பதில் சொன்னார்கள். மறுபடி கேட்டார், மறுபடி ஒழுங்காகச் சொன்னார்கள். ஒருத்தரும் அசையவில்லை. சாருக்கு வேர்த்துவிட்டது. பாட்டு பாதியில் நின்றது. திரையில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த தேர்வாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னய்யா இது, இம்புட்டு நல்ல புள்ளைகளா இருக்குதுக! சார் என்ன செய்வாக, பாவம்” என்று பாய் என் காதில் சொன்னார். சட்டையைப் பிடிப்பதற்குள் ஆள் உள்ளே போய்விட்டார்.

வெள்ளைத்தாடியும் தொப்பியுமாகத் திரைக்குள் நுழைந்து, சாரின் டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

“சிட் டவுன்!” என்று சார் கத்தினார். பாய் மேஜைக்கடியில் புகுந்தார்.

“வேர் இஸ் ஹி?” என்றார் சார், பழக்கதோஷத்தில்.

“அண்டர் த டேபிள்!” என்று பிள்ளைகள் அலறினார்கள். பாய் நாற்காலிக்குப் பின்னால் ஓடினார். “பிஹைண்ட் த சேர்!” பிறகு கதவுக்குப் பின்னால். சார் முயலாகத் துரத்தினார். வியட்நாமில் மொத்த வகுப்பும் எழுந்து நின்று கூவியது. அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வேலை கிடைத்துவிட்டது. உதவி ஆசிரியர் அபாரம் என்றும் எழுதியிருந்தார்கள்.

“எனக்கு விசா வேணாம் சாரே, மண்டிய யாரு பாக்குறது?” என்றார் பாய். பஸ் ஏறும்போது சாரின் பை நிறையப் பழத்தைத் திணித்தார். பஸ் மறைந்த பிறகும் அங்கனயே நின்றுகொண்டிருந்தார்.

சாருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நானும் மனைவியும் வேண்டாத சாமியில்லை. பாய் தொழுகையில் துவா கேட்டார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் சில காலைகளில், கிடைக்காமலே போயிருக்கலாமோ என்று தோன்றுகிறது. பாவம் என்று தெரிந்தும் இதை மனைவியிடம் சொன்னேன்.

“எனக்கும்தான்” என்றாள்.